பலவீனமான பிணைப்பிலிருந்து தொடங்குவோம்

உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வேதியியலை எந்த முனையில் பிடித்துக் கொடுப்பது என்பதில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு. பாடப்புத்தகங்கள் அணுவில் தொடங்கி எலக்ட்ரான் கூடு, அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று வரிசையாக வரும். ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைக்கும். மணி அடிக்கும் நேரத்தில் அதையும் வாசித்து, "இது வலுக்குறைந்தது" என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவோம். வேதியியலையே மேற்கொண்டு படிக்கப்போகிறவர்களுக்கு அந்த வரிசை சரிதான். நர்சிங், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் என்று போகிறவர்களுக்கு அது தலைகீழ். வலுவான பிணைப்புகள்தான் உடம்பைக் கட்டி வைத்திருக்கின்றன, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் ஆக்ஸிஜனை இறக்கிவிடுவதும், வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும், ஒரு செல் இரண்டாகும்போது டிஎன்ஏ இழைகள் பிரிவதும் அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிற மாதிரி வலுக்குறைந்த பிடிகளின் வேலை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் எடுக்கிறேன். களக்காடு, திசையன்விளை, சங்கரன்கோவில் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற பிள்ளைகள். ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்துத்தான் வருகிறார்கள். "சோடியம் எலக்ட்ரான் அமைப்பு என்ன?" என்று கேட்டால் 2, 8, 1 என்று பட்டென்று பதில் வரும். அதே பிள்ளையிடம் ஒரு நார்மல் சலைன் பாட்டிலைக் கொடுத்து, "இதுக்குள்ள சோடியம் குளோரைடு எந்த உருவத்துல இருக்கு?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். படித்தது ஒரு பக்கம் கிடக்கிறது, கையில் இருப்பது ஒரு பக்கம் கிடக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அணுவைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். உடம்பின் எடையில் சுமார் 65 சதவீதம் ஆக்ஸிஜன், 18 சதவீதம் கார்பன், 10 சதவீதம் ஹைட்ரஜன், 3 சதவீதம் நைட்ரஜன். இந்த நான்கிலேயே 96 சதவீதம் போய்விட்டது. மிச்சத்தில் கால்சியமும் பாஸ்பரசும் பெரும்பங்கு. சோடியம், பொட்டாசியம், குளோரின், கந்தகம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். எலக்ட்ரான்கள்தான் வேதியியல் நடத்துகின்றன, அணுக்கரு அதில் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. இதற்குச் சான்று வேண்டுமென்றால் தைராய்டு நோயாளிக்குக் கொடுக்கும் அயோடின் 131-ஐப் பாருங்கள். சாதாரண அயோடின் 127-ஐவிட அதன் கருவில் நான்கு நியூட்ரான் கூடுதல். இரண்டுக்குமே எலக்ட்ரான் 53தான் என்பதால் தைராய்டு சுரப்பிக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டையும் ஒரே மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன பிறகு அந்தக் கரு சிதைந்து, கெட்டுப்போன திசுவை அழிக்கிறது. 8 நாளில் பாதி குறைந்துவிடும். அணுக்கருவைப் பற்றி இப்போதைக்கு இது போதும்.

எலக்ட்ரானை யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த இழுப்புக்கு அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங் 1932இல் ஓர் எண்ணளவு கொடுத்தார். எலக்ட்ரான் கவர்தன்மை என்று பாடத்தில் இருப்பது அதுதான். முழு அட்டவணையும் வேண்டாம். ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, ஆக்ஸிஜன் 3.44, சோடியம் 0.93, குளோரின் 3.16. இந்த ஆறு எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் முதலாண்டுப் பாடத்தில் பாதி ஓடிவிடும்.

கழித்துப் பாருங்கள். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.35. எலக்ட்ரான்களை ஏறக்குறைய சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.24. பங்கு உண்டு, ஆனால் ஆக்ஸிஜன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. சோடியத்துக்கும் குளோரினுக்கும் 2.23. இங்கே பங்கே இல்லை, சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நேர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. புத்தகத்தில் முனைவற்ற சகப்பிணைப்பு, முனைவுள்ள சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று மூன்று தலைப்பாகப் பிரித்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே சரிவில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்கள் அவை. அப்படிப் பார்த்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கழித்தலே சொல்லிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒரு ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன். நேர்கோட்டில் இல்லாமல் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இந்த வளைவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்பன் டை ஆக்ஸைடிலும் ஆக்ஸிஜன் எலக்ட்ரானை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நேர்கோடு என்பதால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. தண்ணீர் வளைந்திருப்பதால் ஆக்ஸிஜன் பக்கம் கொஞ்சம் எதிராகவும் ஹைட்ரஜன்கள் பக்கம் கொஞ்சம் நேராகவும் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனை நாடும். அந்த நாட்டம்தான் ஹைட்ரஜன் பிணைப்பு.

இனி மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இவற்றை மறக்க வேண்டாம். தண்ணீர் மூலக்கூறுக்குள் ஆக்ஸிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டியிருக்கும் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் மூட்டைக் கணக்கு) சுமார் 460 கிலோஜூல் வேண்டும். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 கிலோஜூல். 37 டிகிரி உடல் வெப்பத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அலையும் ஆற்றலின் அளவு மோலுக்குச் சுமார் 2.6 கிலோஜூல்.

முதல் எண் மூன்றாவதைப்போல ஏறக்குறைய 180 மடங்கு. அதனால் உடல் வெப்பத்துக்குச் சகப்பிணைப்பு தானாக உடையாது. உடைக்க நொதி வேண்டும், அல்லது அடுப்பு வேண்டும். இரண்டாவது எண் மூன்றாவதைப்போல எட்டு மடங்குதான். பலத்த முட்டல் ஒன்று வந்தால் அறுந்துவிடும், அறுந்த கையோடு பக்கத்தில் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். திரவத் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்தான். கோலாட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளோடு கோலைத் தட்டிவிட்டு, மறு அடியில் திரும்பி அடுத்தவளோடு தட்டுவாள் அல்லவா, அந்த மாதிரி. எந்த நொடியில் பார்த்தாலும் எல்லாக் கோல்களும் யாரோடோ சேர்ந்திருக்கும். ஆனால் யாரும் யாரோடும் நிற்பதில்லை.

இந்த 20 என்ற எண்தான் உயிருக்கு வாய்த்த அளவு என்று நான் நினைக்கிறேன். 460 ஆக இருந்தால் எல்லாம் கல்லாக இறுகிக் கிடக்கும். 2 ஆக இருந்தால் எதுவும் எதையும் பிடித்து நிற்காது. ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்ளுங்கள், அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே அதுதான். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் இதில் கந்தகம். மூலக்கூறு எடையும் தண்ணீரைவிட அதிகம். ஆனாலும் கந்தகத்தின் இழுப்பு குறைவு என்பதால் ஹைட்ரஜன் பிணைப்பு சரியாக அமையாமல், பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது.

வகுப்பில் இதைப் புறங்கையில் செய்து காட்டச் சொல்வேன். ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு, பக்கத்திலேயே தண்ணீரில் ஒரு சொட்டு. இரண்டும் ஒரே அறையில் ஒரே வெப்பத்தில் இருந்தவையாக இருக்க வேண்டும், பிரிட்ஜ் தண்ணீர் கூடாது. ஸ்பிரிட் வைத்த இடம் ஜில்லென்று இருக்கும், சீக்கிரம் காய்ந்தும் போகும். தண்ணீர் அங்கேயே கிடக்கும். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எப்படியும் வரும்: "மேடம், தண்ணிதான் நல்லா குளிர வைக்கும்னீங்க. ஸ்பிரிட்தானே ஜில்லுன்னு இருக்கு?"

ரொம்ப நல்ல கேள்வி அது. ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால் மூலக்கூறில் ஒரு ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடிதான் இருக்கிறது, மிச்சம் கார்பன் வால். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி குறைவு. அதனால் வேகமாகக் கிளம்பிவிடுகின்றன, வெப்பத்தையும் வேகமாக எடுத்துக்கொண்டு போகின்றன. தண்ணீர் மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் கிளம்பும்போது கிராமுக்குக் கிராம் ஆல்கஹாலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலே வெப்பத்தைச் சுமந்து போகும். தோல் வெப்பத்தில் ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெளியேறும். கலோரிக் கணக்கில் 580 கிலோகலோரி. வேகம் வேறு, அளவு வேறு என்பதை அந்தச் சொட்டு இரண்டும் சொல்லிக்கொடுத்துவிடும்.

வியர்வை ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டி விழுந்த வியர்வை ஒன்றும் செய்வதில்லை. தூத்துக்குடி கடற்கரை ஓரத்தில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது சட்டை தொப்பலாக நனைந்தும் புழுக்கம் தீராததற்கு இதுதான் காரணம். அதே அக்னி நட்சத்திரத்தில் இங்கே வறண்ட காற்று வீசினால் வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பு குளிர்ந்திருக்கும், ஆனால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது. வெயிலில் வேலை செய்துவிட்டு மயங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது வகையை மறந்துவிடக் கூடாது.

ஸ்பிரிட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிருமியைக் கொல்ல சுத்த ஆல்கஹாலைவிட 70 சதவீத ஆல்கஹால்தான் நன்றாக வேலை செய்யும். புரதத்தின் மடிப்பைக் குலைக்கத் தண்ணீரும் கூட இருக்க வேண்டும். கரைசலில் அந்த 30 சதவீதம் சும்மா நிரப்பி வைத்ததில்லை.

தாவரவியல் பக்கம் போகிறவர்களுக்கு இதே ஒட்டுதல் பனை உச்சியில் தெரியும். எங்கள் பக்கம் உடன்குடி, சாத்தான்குளம் வழியாகப் போனால் இரண்டு பக்கமும் பனைதான். பனை 30 மீட்டர் வரைக்கும் வளரும். மேலிருந்து உறிஞ்சும் எந்தப் பம்பும் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது, ஏனென்றால் அங்கே உண்மையில் தண்ணீரைக் கீழிருந்து தள்ளுவது காற்றழுத்தம். மரத்தில் அப்படி நடப்பதில்லை. இலையில் ஒரு மூலக்கூறு ஆவியாகும்போது பின்னால் இருப்பதை இழுக்கிறது, அது தன் பின்னால் இருப்பதை இழுக்கிறது, இப்படியே வேர் வரைக்கும். டிக்சன், ஜாலி என்ற இரண்டு அயர்லாந்து அறிவியலாளர்கள் 1894இல் இதைச் சொன்னார்கள். விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே நிலைக்கும் பிணைப்புகள், ஏராளமாக ஒரே நேரத்தில் இருப்பதால் ஒரு தண்ணீர்க் கம்பத்தை அறுபடாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

சலைன் பாட்டிலுக்கு வருகிறேன். லேபிளில் 0.9 சதவீதம் என்று இருக்கும். 100 மில்லிக்கு 0.9 கிராம் சோடியம் குளோரைடு, லிட்டருக்கு 9 கிராம். மில்லிமோல் கணக்கில் சோடியம் 154, குளோரைடு 154. ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் சோடியம் குளோரைடு என்ற பொருளே இல்லை. உப்புக் கட்டியில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடு சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கும். ஜோடி என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. தண்ணீரில் போட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்ஸிஜன் முனையைத் திருப்பிச் சோடியத்தைச் சூழ்ந்துகொள்ளும். குளோரைடை ஹைட்ரஜன் முனையைக் காட்டிச் சூழ்ந்துகொள்ளும். இரண்டும் தனித்தனியே தண்ணீர்ப் போர்வை போர்த்திக்கொண்டு திரியும். சலைன் பாட்டிலில் இருப்பது அதுதான். 154, 154, கூட்டினால் 308. ரத்தத்தின் செறிவு இதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் சிவப்பணு வீங்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. சுத்தமான தண்ணீரை ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் தண்ணீரை உள்ளே வாங்கி வெடித்துவிடும்.

அந்தத் தண்ணீர்ப் போர்வை எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பொட்டாசியத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிடப் பெரியது. நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கென்று ஒரு கால்வாய் இருக்கிறது. விநாடிக்கு 10 கோடி அளவில் பொட்டாசியத்தை விடும், அதைவிடச் சின்னதான சோடியத்தை விடாது. பெரியதை விட்டுச் சின்னதைத் தடுப்பது எப்படி என்பது வெகுநாள் புதிராக இருந்தது. 1998இல் ராடரிக் மெக்கின்னன் பாக்டீரியாவில் இருக்கும் அதே வகைக் கால்வாயின் அமைப்பைக் கண்டறிந்தார், 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கால்வாயின் குறுகலான பகுதிக்குள் நுழைய அயனி தன் தண்ணீர்ப் போர்வையைக் கழற்ற வேண்டும். கழற்ற ஆற்றல் செலவாகும். அதை ஈடுகட்ட, கால்வாயின் சுவரில் புரதத்தின் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீரின் ஆக்ஸிஜன் எந்தத் தூரத்தில் நின்றதோ ஏறக்குறைய அதே தூரத்தில். அந்தத் தூரம் பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. சோடியம் சின்னது என்பதால் ஆக்ஸிஜன்கள் எட்டவில்லை. போர்வையைக் கழற்றினால் நஷ்டம்தான், அதனால் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

வார்டில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை எப்போதும் நீர்த்துத்தான், மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும், நேராக ரத்தக் குழாயில் ஏற்றவே கூடாது என்று எல்லா சிஸ்டர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் 140 மில்லிமோல் அளவில், வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை. இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் இதயத் தசை தன் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே திடீரென்று கூடினால் இதயம் நின்றுவிடும். ஒரு சின்ன ஆம்பூலுக்கு அவ்வளவு பயம் ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தக் கால்வாயைத்தான் வரைந்து காட்டுவேன்.

இப்போது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கணக்குப்படி ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். நாம் இதுவரை பார்த்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது. உப்புகளில் அயனிப் பிணைப்பு, கரைந்ததும் பிரிந்துவிடும். குளுக்கோஸுக்குள் சகப்பிணைப்பு, கரைந்தாலும் பிரியாது. ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் முழுசாகவே நீந்தும். அயனியாகாமல் எப்படிக் கரைகிறது? அதில் ஐந்து ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. மாணவர்களுக்கு நான் தரும் கணக்கு இது: 13.5 கிராமை 180 ஆல் வகுத்தால் குளுக்கோஸ் 75 மில்லிமோல். இரண்டு சோடியம் உப்புகளிலிருந்தும் வரும் சோடியத்தைக் கூட்டினாலும் 75 பக்கம் வரும். இரண்டும் சமமாக வருவது தற்செயல் இல்லை. சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும் ஒரு புரதம் இருக்கிறது. காலரா வந்து குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அது வேலை செய்கிறது. சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். சிட்ரேட் எதற்கென்றால், பேதியில் பைகார்பனேட் வெளியேறி ரத்தம் அமிலப் பக்கம் சாய்வதைச் சரிசெய்ய.

1971இல் வங்கதேசப் போரின்போது இந்திய எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கூட இருந்தவர்களே, பயிற்சி பெறாத உறவினர்களே, டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்த முகாமை நினைக்காமல் என்னால் ஓஆர்எஸ் பாடம் எடுக்க முடிந்ததில்லை.

ஒரு பாக்கெட்டை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற தாய்மார்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். "குழந்தை அவ்வளவு குடிக்காது சிஸ்டர்" என்பார்கள். கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லிமோல் என்று இருக்க வேண்டியது பல மடங்கு ஏறிவிட்டால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் உடம்பிலிருந்து வெளியே இழுக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரிலேயே கரைத்து, குழந்தை குடிக்கிற அளவுக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடலாம்.

பெரிய மூலக்கூறுகள் பக்கம் வந்தால் இந்த வலுக்குறைந்த பிணைப்புகளின் ஆட்சி இன்னும் பளிச்சென்று தெரியும். செல் சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவில் சகப்பிணைப்பே கிடையாது. கார்பன்-ஹைட்ரஜன் வால்கள் தண்ணீரோடு கைகோக்க முடியாதவை, அந்த 0.35 வித்தியாசம்தான் காரணம். தண்ணீர் தனக்குள் பிணைப்பை விட்டுக்கொடுக்க விரும்பாமல் அவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கப்பட்டவை ஒன்று சேர்ந்து ஈரடுக்காக நிற்கின்றன. பிசிஆர் கருவியில் 95 டிகிரிக்குச் சூடாக்கும்போது டிஎன்ஏ இழைகள் இரண்டாகப் பிரிகின்றன, ஏனென்றால் நடுவில் இருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். அதே வெப்பத்தில் இழையின் முதுகெலும்பு உடைவதில்லை, அது சகப்பிணைப்பு. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனை எதுவும் நடந்திருக்காது.

தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் வலு தரும் புரதம் கொலாஜன். அதன் கதை சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரேயில் படம் எடுத்து, 1954, 55இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதன் மூன்று இழைச் சுருளைக் கண்டுபிடித்தார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். சங்கிலிகளுக்கு நடுவில் இடம் மிகக் குறுகல். கிளைசின் அமினோ அமிலத்தின் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு என்பதால் அதுமட்டும்தான் அங்கே அடங்கும். அதனால் மூன்றாவது இடந்தோறும் கிளைசின். அங்கே சங்கிலிக்குச் சங்கிலி ஹைட்ரஜன் பிணைப்பு.

வைட்டமின் சி பாடம் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடியைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அந்த ஜோடி சேராத கொலாஜன் 24 டிகிரி அளவிலேயே சுருள் பிரிந்துவிடும். நம் உடம்பு 37 டிகிரி. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியில் ஈறு கசிவதும் பழைய தழும்பு திறந்துகொள்வதும் இதனால்தான்.

ஆட்டுக்கால் சூப் வைக்கிற வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மணிக்கணக்கில் கொதிக்கும்போது சுருள்கள் பிரிந்து கொலாஜன் ஜெலட்டினாகித் தண்ணீரில் இறங்கும். சங்கிலிக்குள் இருக்கும் சகப்பிணைப்புகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். மிச்ச சூப்பைப் பிரிட்ஜில் வைத்துக் காலையில் பார்த்தால் கட்டியாகி ஆடிக்கொண்டிருக்கும். சங்கிலிகள் அங்கங்கே மறுபடி சுருண்டு, நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டன. சூடு பண்ணினால் திரும்ப இளகும். முட்டை வெள்ளைக்கரு அப்படித் திரும்பாது. அதன் மடிப்பு குலைந்ததும் தண்ணீருக்கு ஒத்துவராத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

கடைசியாக பிஎச், அதாவது ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண். அயனி கூடினால் எண் இறங்கும். சுத்தத் தண்ணீரில் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிந்திருக்கும். ரத்தத்தின் பிஎச் 7.4 என்றால் லிட்டருக்கு 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. சோடியம் 140 மில்லிமோல் இருக்கிற இடத்தில் இது 35 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமானதற்கு ஏன் ஐசியூவில் இவ்வளவு கவனம், பிளட் கேஸ் ரிப்போர்ட்டில் ஏன் முதலில் இதைப் பார்க்கிறார்கள்?

ஹீமோகுளோபினைப் பாருங்கள். ஓடும்போது கால் தசை கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றுகிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த இடத்தில் பிஎச் கொஞ்சம்போல இறங்குகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146ஆவது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கி நேர் மின்னூட்டம் பெறுகிறது. அதே சங்கிலியில் 94ஆவது இடத்தில் எதிர் மின்னூட்டத்தோடு ஆஸ்பார்டேட் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, உப்பில் சோடியமும் குளோரைடும் இழுத்துக்கொண்ட அதே இழுப்பு, புரதத்துக்குள். அந்த இழுப்பு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட்டுவிடும் வடிவத்தில் பிடித்து வைக்கிறது. ஆக்ஸிஜன் இறங்குகிறது, அதிகம் உழைக்கிற தசையில் அதிகமாக. ரத்தம் நுரையீரலுக்குத் திரும்பியதும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும், ஹிஸ்டிடின் தன் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும், 146க்கும் 94க்கும் நடுவில் இருந்த பிடி அறுந்து அடுத்த சுற்று ஆக்ஸிஜன் ஏறும்.